ஊமத்தையின் மயக்கமும் மறதிநோயின் மருந்தும்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. அஸர் தொழுகை முடிந்து, மக்தபுப் பிள்ளைகள் ஒவ்வொருவராய் வந்து அமர்ந்துகொண்டிருந்த நேரம். ஒரு தாய் தம் ஒன்பது வயது மகனைத் தோளில் சுமந்தவராய் ஓடிவந்தார். பின்னால் அவருடைய மாமியாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும். "ஹஜ்ரத்! புள்ளைய எதுவோ தீண்டிருச்சு. உம்மாவையே யாருன்னு தெரியலங்கிறான். ஓதிப் பாருங்க ஹஜ்ரத்!" என்று அந்தப் பாட்டியார் கதறினார்.

சிறுவனைப் பாயில் கிடத்தினோம். முகம் செம்பருத்திப் பூவாய்ச் சிவந்திருந்தது. உடம்பு அனலாய்ச் சுட்டது. ஆனால் ஒரு துளி வியர்வை இல்லை. கண்ணின் கருமணி அகன்று, கண் முழுதும் இருளாய்த் தோன்றியது. உதடு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எவரையும் அவன் பார்க்கவில்லை. எவரும் இல்லாத மூலையை நோக்கி ஏதோ முணுமுணுத்தான். விரல்களால் காற்றில் நூல் பொறுக்கினான். பிறகு இரு கைகளையும் விரித்து, இல்லாத ஓர் ஏட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டினான். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

நான் ஓதினேன். ஓதி ஊதினேன். தண்ணீர் ஓதிக் கொடுக்க முயன்றேன். அவனால் விழுங்க முடியவில்லை. இவ்வாறாக முக்கால் மணி நேரம் கழிந்தது. அதற்குள் வகுப்புப் பிள்ளைகளுள் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "ஹஜ்ரத், மத்தியானம் அவன் கொல்லைச் சுவரோரம் முள்ளுக்காய ஒடச்சு வெதய தின்னான்" என்றான். நாங்கள் ஓடிப் பார்த்தோம். மதரஸாவின் பின்சுவரை ஒட்டி ஊமத்தைச் செடி. உடைந்த காய்கள் கீழே கிடந்தன.

ஓதியதற்காக நான் வருந்தவில்லை. இறைவசனத்தை ஓதுவது என்றும் நன்றே. வண்டியை முதலில் வரச் சொல்லிவிட்டு ஓதாமற் போனதற்காகவே வருந்துகிறேன். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஹாரிஸ் இப்னு கலதா என்னும் மருத்துவரிடம் செல்லுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூத் நூலில் இடம்பெற்றுள்ளது. அதை வகுப்பில் பலமுறை எடுத்துரைத்தவன் நான். அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

மருத்துவமனையில் பையனின் கைகால்களைக் கட்டிலோடு துணியால் பிணைத்தார்கள். தூக்க ஊசி போட்டார்கள். அவன் சற்று அடங்குவான். விழித்ததும் மீண்டும் காற்றைப் பிடிப்பான். "இதுக்கு மாத்து மருந்தே கிடையாதா?" என்று தாய் கேட்டார். இளம் மருத்துவர் ஒருவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: "இருக்கு அம்மா. ஆனா எங்ககிட்ட இல்ல."

மாற்று மருந்து உண்டு, ஆனால் கையில் இல்லை என்ற அந்த விடை என்னை நெடுநாள் உறுத்தியது. கலைப் பட்டதாரியாகிய எனக்கு மருத்துவ அறிவு சொற்பமே. எனினும் அன்றுமுதல் இப்பொருள் பற்றிக் கண்ணிற் பட்டதையெல்லாம் படித்தும், மருத்துவ நண்பர்களைக் கேட்டும் வந்திருக்கிறேன். அண்மை ஆண்டுகளில் அந்த மாற்று மருந்தின் இடத்தில், முதியோரின் மறதிநோய்க்கென்று வழங்கப்படும் ஒரு மருந்தை வைத்துப் பார்க்கலாமா என்ற ஆராய்ச்சி வெளிநாடுகளில் நடந்து வருகிறது. அதன் வரலாறு நம் இல்லங்களில் அறியப்பட வேண்டிய ஒன்று என்பதால் இங்கு எழுதுகிறேன்.

ஊமத்தை நமக்குப் புதியதன்று. குப்பைமேட்டிலும் சுடுகாட்டோரத்திலும் தானே முளைக்கும். தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் 'டாட்டுரா மெட்டல்'. அப்பெயரின் பின்பாதி அரபுமொழியிலிருந்து சென்றது என்பது பலர் அறியாத செய்தி. 'ஜவ்ஸ் மாஸில்' என்று அரபு மருத்துவர்கள் இக்காயை அழைத்தனர். இப்னு ஸீனாவின் மருத்துவ நூலிலும் இது இடம்பெற்றிருக்கிறது. விதைகள் பார்வைக்கு மிளகாய் விதையைப் போலிருப்பதால், அறிந்தோ அறியாமலோ உணவில் கலந்துவிடும். வழிப்பறிக் கூட்டத்தார் பயணிகளின் உணவில் இதைக் கலந்து கொள்ளையடித்த செய்திகள் இந்தியாவின் பழைய நீதிமன்றப் பதிவுகளில் நிறைய உண்டு.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 2019ஆம் ஆண்டு உகாண்டா நாட்டில், பசித்தோருக்கென்று உலக உணவுத் திட்டம் வழங்கிய சத்துமாவில் இச்செடியின் நஞ்சு கலந்திருந்தமையால் சுமார் 300 பேர் பாதிக்கப்பட்டனர். 5 பேர் இறந்தனர். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கடைகளில் விற்ற இளங்கீரைப் பொட்டலங்களில் ஊமத்தை இனத்துக் களைச்செடியின் இலை கலந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் உடல்நலம் கெட்டு, பலர் இல்லாத காட்சிகளைக் கண்டு பிதற்றினர். வயலில் களையோடு களையாக வளர்ந்து, அறுவடை இயந்திரத்தில் அகப்பட்டு, அழகிய உறைக்குள் வந்து சேர்ந்த நஞ்சு அது.

இனி, இந்நஞ்சு செய்வது யாது? நம் நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளச் சில இரசாயனத் தூதுவர்களை அனுப்புகின்றன. அவற்றுள் ஒன்று அசிட்டைல்கோலின். உமிழ்நீர் சுரப்பது, வியர்ப்பது, கண்மணி சுருங்குவது, சிறுநீர் கழிவது, இதயத்துடிப்பு நிதானப்படுவது ஆகிய அனைத்திலும் இத்தூதுவருக்குப் பங்குண்டு. மூளையிலோ, கவனமும் நினைவும் இவரை நம்பியே நிற்கின்றன. ஊமத்தையிலுள்ள அட்ரோபின், ஹயோசின் முதலியவை அத்தூதுவர் நுழைய வேண்டிய வாசலில் சென்று அமர்ந்துகொண்டு வழிவிடாமல் மறிக்கின்றன. ஆகவேதான் வாய் வறள்கிறது, வியர்வை நிற்கிறது, உடல் கொதிக்கிறது, கண்மணி விரிகிறது, சிறுநீர் கட்டுகிறது. மூளையின் வாசலும் அடைபட்டதும் மனிதன் உறவினரை அறியாது பிதற்றுகிறான். நம் முன்னோர் இந்நிலையைச் சன்னி என்றும், யூனானி மருத்துவர் ஸிர்ஸாம் என்றும் வழங்கிய பெருந்தொகுதியுள் அடக்கினர்.

இதே விளைவை ஊமத்தை மட்டுமே தருவதில்லை. ஒவ்வாமைக்கும் சளிக்கும் உண்ணும் பழைய தூக்கம் தரும் மாத்திரைகள், பயணக் குமட்டலுக்கான சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், நடுக்குவாதத்துக்கான டிரைஹெக்ஸிபெனிடில் ஆகியவற்றை அளவுமீறி உட்கொண்டாலும் இதே சித்தக்கலக்கம் வரும். நம் நாட்டில் மற்றொரு வழியும் உண்டு. பூச்சிமருந்து குடித்து உயிருக்குப் போராடுவோருக்கு அட்ரோபின் ஊசியே உயிர்காக்கும் மருந்து. அதைத் தொடர்ந்து ஏற்றும்போது அளவு மிஞ்சினால், பிழைத்த நோயாளி சித்தம் கலங்கிக் கூச்சலிடுவார். தமிழகத்திலும் இலங்கையிலும் அரசு மருத்துவமனைகளில் பணியாற்றிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இது நன்கு பழகிய காட்சியாகும்.

மாற்று மருந்தின் கதை ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. இன்றைய நைஜீரியாவிலுள்ள கேலபார் பகுதியில் ஒருவகை அவரை விளைகிறது. குற்றம் சாட்டப்பட்டவரை இந்த அவரையை உண்ணச் செய்து, வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி, மாண்டால் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும் கொடிய வழக்கம் அங்கு நிலவியது. ஸ்காத்லாந்துப் பாதிரிமார் வாயிலாக அவ்விதை எடின்பரோ நகரை அடைந்தது. அங்கிருந்த பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் 1855ஆம் ஆண்டில் அதை ஒரு துண்டு தாமே தின்று பார்த்து, மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். அறிவுவேட்கை என்று புகழ்வதா, தன் உயிரோடு விளையாடிய தவறு என்று கண்டிப்பதா என எனக்குத் தெரியவில்லை. உயிர் அமானிதம் என்று கற்றுக் கொடுப்பவன், இரண்டாவதன் பக்கமே சாய வேண்டியவனாகிறேன்.

அவ்விதையிலிருந்து 1864இல் பிரித்தெடுக்கப்பட்ட சத்துக்கு பைஸோஸ்டிக்மைன் என்று பெயர். அதே ஆண்டில், பிராகா நகரில், மதுவென்று கருதி அட்ரோபின் கரைசலைக் குடித்துச் சித்தம் கலங்கிய சில கைதிகளுக்குச் சிகிச்சை அளிக்க நேர்ந்த கிளைன்வாக்டர் என்னும் மருத்துவர், இந்த அவரையின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்; குணம் தெரிந்தது. ஒரு நஞ்சு மற்றொரு நஞ்சுக்கு மாற்றாயிற்று. ஆனால் ஏன் என்பது எவருக்கும் விளங்கவில்லை. அதை விளக்க அறுபது ஆண்டுகள் ஆயின.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரப் பேராசிரியர் ஆட்டோ லோவி 1921இல் இரண்டு தவளைகளின் இதயங்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மந்தமாக்கி, அதைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து மற்றதன்மீது விட்டார், அதுவும் மந்தமாயிற்று. ஆக, நரம்பு பேசுவது இரசாயனத்தின் மொழியில் என்பது உறுதியானது. அத்தூதுப் பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்று உடலில் உண்டென்றும், அந்நொதியைப் பைஸோஸ்டிக்மைன் தடுத்து நிறுத்துகிறதென்றும் 1926இல் அவரே கண்டார். தூதுவர் அழியாது பெருகுவதால், வாசலில் அமர்ந்திருக்கும் ஊமத்தை நஞ்சைக் கூட்டத்தின் வலிமையால் நெட்டித் தள்ளிவிட்டு உள்ளே நுழைகிறார். மாற்று மருந்தின் இரகசியம் இதுதான். 1936இல் லோவிக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் நாஜிகள் அவரைச் சிறையிலிட்டு, பரிசுப் பணத்தைப் பறித்துக்கொண்டே நாட்டைவிட்டு அனுப்பினார்கள்.

பைஸோஸ்டிக்மைன் ஊசி அற்புதமாக வேலை செய்வதை மருத்துவர்கள் கண்டார்கள். சில நிமிடங்களில் பிதற்றல் நிற்கும். தாயைத் தாயென்று அறிவான். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் 52 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, இவ்வூசி 87 விழுக்காட்டினருக்குச் சித்தத்தெளிவு தந்தது. வழக்கமான தூக்க ஊசிகளோ உடலை அடக்கினவே தவிர, எவருக்கும் தெளிவு தரவில்லை. அன்று எங்கள் சிறுவனுக்கு நடந்தது இதுவே என்பதை இதைப் படித்தபோது உணர்ந்தேன். கட்டிலில் அவன் அமைதியாகக் கிடந்தபோதெல்லாம் அவனுள்ளே அந்த ஏடு புரண்டுகொண்டுதான் இருந்திருக்கும்.

அப்படியாயின் அம்மருந்து ஏன் எங்கும் இல்லை? முதலாவது அச்சம். 1980ஆம் ஆண்டில், மனச்சோர்வு மாத்திரைகளை அளவுமீறி உண்ட இரு நோயாளிகளுக்கு இவ்வூசி போட்டபோது இதயம் நின்றுபோன செய்தி வெளியாயிற்று. அம்மாத்திரைகளே இதயத்தைத் தாக்குபவை. ஆயினும் பழி ஊசியின்மீதும் விழுந்தது. பல மருத்துவர்கள் அதைத் தொடவே அஞ்சினர். இரண்டாவது, அதன் ஆயுள் குறுகியது. ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றல் வடிந்துவிடும்; ஊமத்தையின் மயக்கமோ ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். மூன்றாவது வணிகம். அரிதாகத் தேவைப்படும் பழைய மருந்தால் இலாபம் இல்லை. அமெரிக்காவில் அதைத் தயாரித்துவந்த ஒரே நிறுவனம் 2023இல் மூடப்பட்டதும் அந்நாட்டிலேயே அது கிடைக்காத பொருளாயிற்று. வல்லரசின் மருத்துவமனைகளும் எங்கள் ஊர் மருத்துவமனையைப் போலவே "இருக்கிறது, ஆனால் இல்லை" என்று சொல்ல நேர்ந்தது.

இங்குதான் மறதிநோயின் மருந்து கதைக்குள் வருகிறது. அல்ஸைமர் எனும் முதுமை மறதிநோயில், அசிட்டைல்கோலினைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன என்பதை 1970களில் பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். இருக்கும் சிறிதளவு தூதுவரையாவது அழியாமல் காத்தால் நினைவு சற்றே தங்குமே என்ற எண்ணத்தில் மருந்துகள் தேடப்பட்டன. பைஸோஸ்டிக்மைனின் அமைப்பை அடியொற்றி, ஆனால் நெடுநேரம் நிற்கும்படியாக ஒரு மருந்தை உருவாக்கியவர் மார்த்தா வெய்ன்ஸ்டாக் என்னும் பெண்மணி. வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பிச் சிறுமியாக இங்கிலாந்து சென்றவர். பின்னர் ஜெருசலத்திலுள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தில் இம்மருந்தைக் கண்டார். பைத்துல் முகத்தஸ் திருநகரின் பெயரைக் கேட்டதுமே நம் நெஞ்சு கனக்கும் காலம் இது. ஆயினும் உண்மையை உள்ளபடி எழுதுவதே முறை.

அம்மருந்தின் பெயர் ரிவாஸ்டிக்மைன். 1997இல் ஸ்விட்ஸர்லாந்திலும் 2000த்தில் அமெரிக்காவிலும் மறதிநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. முதலில் மாத்திரைக் குப்பியாக வந்தது. 2007இல் தோலில் ஒட்டும் பட்டையாகவும் வந்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் மருத்துவர் சீட்டின்பேரில் கிடைக்கிறது. மறதிநோயை அது குணமாக்குவதில்லை. சிலருக்குச் சில காலம் சற்றே தாங்குகோலாய் நிற்கிறது, அவ்வளவே. ஆனால் அது பைஸோஸ்டிக்மைனின் உடன்பிறப்பு. அதைப் போலவே மூளைக்குள் நுழையவல்லது. இதே குடும்பத்தைச் சேர்ந்த நியோஸ்டிக்மைன் மலிவாகக் கிடைப்பினும், மூளையின் காவலைத் தாண்ட அதனால் இயலாது. ரிவாஸ்டிக்மைனின் செயலோ ஒரு வேளை உட்கொண்டால் ஏறத்தாழ பத்து மணி நேரம் நிற்கிறது. ஊசிமருந்து மறைந்துபோன நிலையில், இந்த உடன்பிறப்பை அழைத்துப் பார்த்தால் என்ன என்று நச்சியல் மருத்துவர்கள் எண்ணியது இயல்பே.

எண்ணியதோடு நில்லாது கொடுத்தும் பார்த்தனர். ஒருவர் இருவராகக் குணமடைந்த செய்திகள் மருத்துவ இதழ்களில் வரலாயின. 2024இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள், மாத்திரையாகவும் பட்டையாகவும் இதைப் பெற்ற நோயாளிகள் பலரின் அனுபவத்தைத் தொகுத்து வெளியிட்டனர். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் மருந்து கொடுத்தோம், தெளிந்தார் என்பதால் மருந்தால்தான் தெளிந்தார் என்று ஆகிவிடுமா? எங்கள் சிறுவன் எம்மருந்தும் இன்றியே மூன்றாம் நாள் தெளிந்தான். அந்த இரண்டாம் நாள் இரவில் ரிவாஸ்டிக்மைன் கொடுத்திருந்தால், மருந்தின் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள். நான் ஓதிய தண்ணீரைக் குடித்திருந்தால், ஊரார் என்னைத் தேடி வரிசையில் நின்றிருப்பார்கள்.

இந்த இடத்தில் நம் முன்னோர் ஒருவரை நினைவுகூர்வது பொருந்தும். ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்து, கி.பி. 925 அளவில் மறைந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ, ரய் நகரத்தவர். பக்தாத் மருத்துவமனையின் தலைவராய் விளங்கியவர். ஸிர்ஸாம் நோய் தோன்றும் அறிகுறி தெரிந்தவர்களுக்கு இரத்தம் குத்தியெடுப்பதால் பயனுண்டா என அறிய அவர் விரும்பினார். ஒரு கூட்டத்தாருக்கு அவ்வாறு செய்தார். மற்றொரு கூட்டத்தாருக்கு வேண்டுமென்றே செய்யாது விட்டார். இரண்டையும் ஒப்பிட்டு முடிவு கண்டதாகத் தம் 'அல்ஹாவீ' என்னும் பெருநூலில் குறித்து வைத்தார். அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆனால் கண்ட முறையை ஏற்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், இதே சித்தக்கலக்கத்தைப் பற்றிய ஆய்விலேயே, ஒரு முஸ்லிம் மருத்துவர் அந்த முறையைக் கைக்கொண்டார் என்பது நம் மதரஸா மாணவர்களுக்குச் சொல்லப்படுகிறதா? என் வகுப்பில் இப்போது சொல்லப்படுகிறது. அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா, மருந்துகளைச் சோதிப்பதற்கென விதிகளே வகுத்தார். விலங்கில் பார்த்தது மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம் என்பதும் அவற்றுள் ஒன்று.

இக்கால முறையில் சோதனை இவ்வாறு நடைபெறும். நஞ்சால் சித்தம் கலங்கி வரும் நோயாளிகள் திருவுளச்சீட்டைப் போல இரு பிரிவாகப் பிரிக்கப்படுவர். இரு பிரிவினருக்கும் வழக்கமான கவனிப்பு, தூக்க மருந்து, குளிர்விப்பு எல்லாம் உண்டு. ஒரு பிரிவினருக்கு ரிவாஸ்டிக்மைன். மறுபிரிவினருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாப் போலி. எவருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், கவனிக்கும் மருத்துவரும் அறியார். எத்தனை மணி நேரத்தில் தெளிவு வந்தது, எத்தனை பேரைக் கட்டிவைக்க நேர்ந்தது, தீங்கு எவருக்கு என்பவை கணக்கிடப்படும்.

இத்துணைக் கெடுபிடி தேவையா என்று கேட்போருக்கு நெதர்லாந்தின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அங்கு ஆறு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், கடும் நோயால் சித்தம் கலங்கியோருக்கு இதே ரிவாஸ்டிக்மைனைக் கொடுத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2010இல் வெளியாயிற்று. 440 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தனர். 104 பேரோடு நிறுத்த நேர்ந்தது. மருந்து பெற்ற 54 பேரில் 12 பேர் இறந்தனர். போலி பெற்ற 50 பேரில் 4 பேரே இறந்தனர். கலக்கமும் குறையவில்லை, மருந்து பெற்றோருக்கு நாள் கூடியதே கண்டது. நல்ல நோக்கத்தோடும் நியாயமான காரணத்தோடும் கொடுக்கப்பட்ட மருந்துதான் அது. எண்ணிப் பார்த்திராவிட்டால், இன்றுவரை உலகெங்கும் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். அந்த உயிர்களை எவரும் அறிந்திருக்கமாட்டார்கள்.

அந்நோயாளிகளின் கலக்கம் வேறு வகை என்பதும் மெய்யே. நுரையீரல் அழற்சி, அறுவை, இரத்தத்தில் நச்சுக்கிருமி என்று பல காரணங்கள் அங்கே. ஊமத்தை நஞ்சிலோ காரணம் ஒன்றே, அது தெள்ளத் தெளிவானது. மருந்து தாக்குவதும் அக்காரணத்தையே. ஆகவே அங்கே தோற்றது இங்கே வெல்லலாம். வெல்லலாம் என்பதற்கும் வென்றது என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தைச் சோதனை ஒன்றே கடக்கவல்லது.

மருந்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ரிவாஸ்டிக்மைன், கார்பமேட் என்னும் இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. வயலில் தெளிக்கும் சில பூச்சிமருந்துகளும் அதே குடும்பத்தவையே. அவையும் அதே நொதியைத்தான் தடுக்கின்றன. அளவு மிஞ்சினால் வாந்தி, பேதி, வியர்வை, இதயம் மந்தமாதல் எனப் பூச்சிமருந்து குடித்தவரின் நிலையே வரும். பழைய பட்டையை எடுக்காமல் அதன்மேல் புதியதை ஒட்டிவந்த முதியோர் நச்சுநிலையை அடைந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. வீட்டில் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ இப்பட்டை ஒட்டுவோர், நேற்றையதைக் கழற்றிய பின்பே இன்றையதை ஒட்டினோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை உடலில் முழு அளவை எட்டவே பல மணி நேரமாகும். ஆகவே துள்ளும் நோயாளிக்கு அது மட்டும் போதுமா, விழுங்க இயலாதவருக்குக் குழாய் வழியே மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கலாமா என்பவையும் ஆராய வேண்டிய கேள்விகளாகும். இதைப் படித்துவிட்டு எவரும் தாத்தாவின் மாத்திரையை எடுத்து நஞ்சுண்ட பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள்! மருத்துவமனையில் இதயத்துடிப்பைக் கருவியில் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய காரியம் அது.

சகோதரிகள் சிலர் கேட்பார்கள்: மாத்திரைக் குப்பியின் உறை ஜெலட்டின் ஆயிற்றே? கேள்வி நியாயமானது. எவ்விலங்கினின்று எடுத்தது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. திரவமாகவும் பட்டையாகவும் இதே மருந்து உண்டு. உயிர் ஊசலாடும் நேரத்தின் சட்டத்தை முஃப்திகளிடம் கேட்டறிந்து வைத்துக்கொள்வது, வண்டியில் ஏறிய பின் கேட்பதைவிடச் சிறந்தது.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது சம்மதம் பற்றிய கேள்வி. சோதனையில் சேர்பவர் விளங்கிச் சம்மதிக்க வேண்டும் என்பது 1947இன் நூரம்பர்க் நெறிமுறையும் 1964இன் ஹெல்சிங்கி அறிக்கையும் உலகுக்குத் தந்த சட்டம். சித்தம் கலங்கியவர் எப்படிச் சம்மதிப்பார்? மார்க்கச் சட்டத்தில் அறிவு நீங்கியவருக்குக் கடமையும் இல்லை, அவர் செய்யும் ஒப்பந்தமும் செல்லாது. வலீ அவர் சார்பில் நிற்பார். மருத்துவ நெறிமுறையும் ஏறத்தாழ அங்கேயே வந்து சேர்கிறது: நெருங்கிய உறவினர் கையொப்பமிடுவார், தெளிந்த பின் நோயாளியிடமே கேட்டு, அவர் மறுத்தால் விலக்கிக்கொள்வார்கள். அன்று அந்தத் தாயிடம் அப்படி ஒரு தாளை நீட்டி, "உங்கள் மகனுக்கு மருந்து கிடைக்கலாம், போலி கிடைக்கலாம், எது என்று எங்களுக்கும் தெரியாது" என்று சொல்லியிருந்தால்? அவர் என் முகத்தைத்தான் பார்த்திருப்பார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று பலநாள் எண்ணிப் பார்த்ததுண்டு. அன்றைய அறிவோடு, "வேண்டாம், இது பரிசோதனை எலி ஆக்கும் வேலை" என்றிருப்பேன். இன்றாயின், என்னென்ன ஆபத்து, யார் மேற்பார்வை என்று கேட்டறிந்துவிட்டு, "போடும்மா கையெழுத்து" என்றே சொல்வேன். வழக்கமான கவனிப்பு எப்படியும் கிடைக்கிறது. அதற்குமேல் கிடைப்பதோ இல்லையோ, அடுத்து வரும் பிள்ளைக்கு விடை கிடைக்கும்.

வீடுகளுக்கு இன்னொரு செய்தி. நம் முதியோருள் பலர் மறதிக்கு ஒரு மருத்துவரிடமும், சிறுநீர்த் தொல்லைக்கு ஒருவரிடமும், தூக்கமின்மைக்கு மற்றொருவரிடமும் சீட்டு வாங்குகிறார்கள். மறதிக்கான மாத்திரை தூதுவரைப் பெருக்குகிறது. சிறுநீர் அடக்கவும் தூங்கவும் தரப்படும் சில மாத்திரைகள் அதே தூதுவரின் வாசலை அடைக்கின்றன. ஒரு கையால் ஏற்றி மறு கையால் அணைப்பதாக அமைகிறது. பெரியவர் திடீரென்று ஓரிரு நாளில் பிதற்றத் தொடங்கினால், வயதென்றோ காற்றுக் கருப்பென்றோ தீர்மானிக்கும் முன், அவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். ஜின் உண்டென்று நம்புவது ஈமானைச் சார்ந்தது. ஆனால் வாய் வறண்டு, தோல் வறண்டு, கண்மணி விரிந்து, சிறுநீர் கட்டிய ஒருவரை ஜின்னின் கணக்கில் எழுதிவிட்டு நேரம் போக்க எவருக்கும் உரிமை இல்லை. இதை எழுதும் எனக்கும்தான்.

அச்சிறுவன் மூன்றாம் நாள் விடியற்காலையில் கண் திறந்து, "உம்மா, தண்ணி" என்றான். நடந்த எதுவும் அவனுக்கு நினைவில்லை. என்ன ஏட்டைப் புரட்டினாய் என்று பின்னொரு நாள் கேட்டேன். என்னை விசித்திரமாகப் பார்த்தான். இப்போது இளைஞன்; திருச்சியில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் மதரஸாவுக்கு வந்து ஸலாம் சொல்லிச் செல்வான். பின்சுவர் ஓரத்து ஊமத்தையை அன்றே வேரோடு பிடுங்கினோம். ஐப்பசி மழைக்குப் பின் ஆண்டுதோறும் அது மீண்டும் முளைக்கிறது. ஆண்டுதோறும் பெரிய வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, காயையும் விதையையும் கையுறையோடு எடுத்துக் காட்டிவிட்டுப் பிடுங்குகிறோம்.